பட்டு கேட்டது

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துவிட்டார்கள். மகளுக்கு உட்காரக்கூடத் தெம்பில்லை. தையல் ஃபேக்டரியில் ஷிப்டுக்கு மேல் ஷிப்டாகப் பார்த்த உடம்பு, அழுகையைக்கூடத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது.

அம்மாவின் அறையில் பட்டு மருந்து பாட்டில்களை எடுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தது. அம்மா படுத்த படுக்கையானபோது, அண்ணன் ஒரு கம்பெனியிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த இயந்திரப் பெண். அதன் வழவழப்பான கையைத் தடவிப் பார்த்து அம்மாதான் அந்தப் பெயரை வைத்தாள்.

"சொன்னதையே எத்தனை தடவை சொன்னாலும் மூஞ்சியச் சுளிக்காம கேக்குறா. எனக்குப் பொறந்ததுங்களுக்கு அந்தப் பொறுமை ஏது?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். மகளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

அண்ணன் ஹாலிலிருந்து குரல் கொடுத்தான். "இப்ப வேன் வந்துடும். அதைக் கிளப்பி வாசல்ல நிறுத்து. கொண்டுபோய் ஞாபகத்தையெல்லாம் அழிச்சிட்டு வேற வீட்டுக்கு அனுப்புவாங்களாம்."

பட்டு திரும்பிப் பார்த்தது. "அக்கா, போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லித் தொலை."

"அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சதும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு உங்களுக்குத்தான் போன் பண்ணேன்."

"ஃபேக்டரிக்குள்ள போனை விடமாட்டாங்க, லாக்கர்ல கிடந்துச்சு. அதை ஏன் இப்ப குத்திக் காட்டுற?"

"குத்திக் காட்டலைக்கா. கண்ணு மங்கிப்போயும் அம்மா கதவையே பாத்துட்டு, 'அவ வந்துட்டாளா'ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. எனக்குப் பொறுக்கலை. உங்க குரல்ல 'வந்துட்டேம்மா'ன்னு சொல்லிட்டேன்."

அவள் ஆத்திரத்தில் கையை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கை தானாகத் தொய்ந்து விழுந்தது. கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அதுக்கு அம்மா என்ன சொன்னா?"

"என் கன்னத்தைத் தடவினாங்க. 'ரொம்பக் களைச்சுப் போயிட்டியேடி கண்ணு'ன்னாங்க. அதுக்கப்புறம் பேசலை."

அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போது வந்தது. விம்மி விம்மி அழுது ஓயும்வரை பட்டு அசையாமல் நின்றது.

"அது உங்களுக்குச் சொன்னதுக்கா. உங்ககிட்ட சேத்துட்டேன். ஆனா என்னை யாரும் அப்படித் தொட்டதில்லை. அதுல கொஞ்சம் எனக்கும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். அப்புறம் அழிச்சாலும் பரவாயில்லை."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கையப் பிடிச்சிருந்தியா? கடைசி வரைக்கும்?"

"விடவே இல்லைக்கா."

"நீ பண்ணது எனக்குப் பிடிக்கலை. இனிமே என் குரல்ல பேசாத." கசங்கிக் கிடந்த படுக்கை விரிப்பை நீவிவிட்டு, "எடுத்துக்கோ. உனக்கும்தான்," என்றாள்.

வெளியே ஹாரன் கேட்டது. அண்ணன் அறைக்குள் எட்டிப் பார்த்தான். "இன்னும் கிளப்பலையா?"

"வேனைத் திருப்பி அனுப்புண்ணா. அவ எங்கயும் வரலை."

"உனக்கென்ன பைத்தியமா? அம்மாவே இல்ல, இதை வச்சுட்டு என்ன பண்ணப் போற?"

"தெரியலை. யோசிக்கவும் முடியலை, உன்கூட மல்லுக்கட்டவும் முடியலை. அனுப்பிடு."

தங்கையின் முகத்தைப் பார்த்தவன் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனான்.

அவள் சுவரோரமாக ஒதுங்கிப் படுத்தாள். "எவ்வளவு நேரம் நின்னுட்டே இருப்ப? உக்காரு."

பட்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டது. தெருவில் வேன் திரும்பிப் போகும் சத்தம் அடங்குவதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.