சிள்வண்டுப் பாட்டு

என் பாட்டுக்கு அதுவரை ஒருவர்கூட எழுந்து ஆடியதில்லை. ஆட வைப்பதற்கென்றே செய்த பாட்டுகள் அவை. தாலாட்டு, பக்திப் பாட்டு, காதல் தோல்விப் புலம்பல் எதுவும் என்னிடம் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, சிந்தசைசரில் நானே கடைந்தெடுத்த ஒலிகள், என் குரல், அவ்வளவுதான். தாளத்தின் அடி விழுந்தால் கால் தானாக அசைய வேண்டும். கேட்கிறவர்களோ கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

உலு திராமில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் அறைதான் என் ஸ்டுடியோ. பேண்டு கிடையாது, கூட்டாளி கிடையாது. நானே எழுதி, நானே பாடி, நானே வாசித்து, நானே இணையத்தில் ஏற்றுவேன். முதலில் கேட்பவனும் நான்தான். பல பாட்டுகளுக்குக் கடைசியாகக் கேட்டவனும் நான்தான்.

நம் ஜனங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. சினிமாவில் வந்த பாட்டு என்றால் செருப்பு பறக்க ஆடுவார்கள். பக்கத்து வீட்டுக் குணாளன் போட்ட பாட்டு என்றால் செவிடன் காதில் ஊதிய சங்கு. ஒருமுறை கோயில் நிதி விருந்தில் என்னைப் பாட விட்டார்கள். பாட்டு தொடங்கியதும் முன்வரிசை அக்காமார்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டார்கள். என் முகராசி என்று வீட்டுக்கு வந்தேன்.

பிழைப்புக்குத் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் வேலை. ஏர்கோன் பெட்டிகளுக்கான தகடுகளைப் பெரிய பிரஸ் மெஷின்கள் விடாமல் அடித்துத் தள்ளும். மற்றவர்களுக்கு அது இரைச்சல். எனக்கு அது தாளம். மூன்று மெஷின்கள் ஒன்றுக்கொன்று முன்பின்னாக அடிக்கிறபோது எந்த டிரம்மருக்கும் தோன்றாத ஓர் அடி விழும், பாருங்கள், உடம்பு சிலிர்க்கும். காதில் ரப்பர் அடைப்பானைச் செருகிக்கொண்டால் அது எப்படிக் கேட்கும்? கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். பாதுகாப்பு அதிகாரி வருகிறார் என்றால் மட்டும் அது காதுக்கு ஏறும். என் பாட்டுகளின் அடி முழுக்க அங்கேயிருந்து கைபேசியில் பிடித்து வந்ததுதான்.

வருஷத்துக்கு ஒருமுறை காது பரிசோதனை வேன் வரும். உள்ளே ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். பீப் என்று கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். வேனில் வரும் மலாய்க்காரப் பெண்ணுக்கு நாள் முழுவதும் இதே வேலை. அலுப்பில் எல்லாச் சத்தத்தையும் ஒரே சீராக விடுவாள். நாலு பீப் காதில் விழுந்ததும் எனக்குத் தாளம் பிடிபட்டுவிடும். அதன் பிறகு காது கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. காலத்தை எண்ணிக்கொண்டு, தாளம் தப்பாமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பேன். உனக்குப் பூனைக் காது என்று சொல்லிச் சிரித்து அனுப்புவாள். கேன்டீனில் இதை எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். பாட்டுக்காரனுக்குக் காது கேட்கிறதா என்று பரிசோதிப்பது மீனுக்கு நீச்சல் பரீட்சை வைப்பது மாதிரி என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம் ஒன்று மிச்சமிருந்தது. அதில் பாதியை வெட்டிச் சாய்த்துப் புது வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். அந்த வருஷம்தான் கவனித்தேன். பொழுது சாயும்போது காதைத் துளைக்கிற சிள்வண்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஒரு பூச்சிகூட மிச்சமில்லை. எனக்கு வயிறு எரிந்தது. வீடு கட்டுகிறவனை, அனுமதி கொடுத்தவனை, வாங்கப் போகிறவனை எல்லாம் திட்டித் தீர்த்தேன். என் மனைவி பிரேமலா துணி மடித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கோபத்தில் இருக்கும்போது அவள் வாயைத் திறப்பதில்லை.

போன பூச்சியை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். சிந்தசைசரில் ஒரு மெல்லிய கீச்சொலியை எடுத்து, அதை நடுங்க வைத்து, அறுத்து, சொரசொரப்பாக்கினேன். முதலில் சரியாகவே கேட்கவில்லை. கூட்டினேன். போதவில்லை. இன்னும் கூட்டினேன். கூர்மையான மேல்சத்தங்களை ஏற்றி ஏற்றி, வாரக்கணக்கில் அதனோடு மல்லுக்கட்டி, ஒருநாள் சாயங்காலம் பிடித்துவிட்டேன். அப்படியே சிள்வண்டு. அடியில் மெஷின் தாளம், மேலே அந்தக் கீச்சொலி, நடுவில் நான்:

சிள்வண்டே சிள்வண்டே சத்தம் எங்க போச்சு
நீ கத்தாத ஊருல நாங்க ஆடி என்ன ஆச்சு

நான் செய்ததிலேயே நல்ல பாட்டு அதுதான். இப்போதும் அதைத்தான் சொல்வேன். பிரேமலாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். நல்லா இருக்குங்க என்றாள். திரும்பிப் போனவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மீன் பொரிக்கிற புகை வெளியே வராமலிருக்க என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் அவள் தம்பி யுகேந்திரனுக்குக் கல்யாணம் கூடியது. பெண் லோஷினி, பாலோக்காரி. ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து, பாலோவில் ஒரு மண்டபத்தில். பிரேமலா எனக்குத் தெரியாமல் தம்பியிடம் பேசி, என் பாட்டுக்கு ஓர் இடம் வாங்கியிருந்தாள். அவன் வீட்டுக்கு வந்து, டிஜேயிடம் சொல்லிவிட்டதாகவும் கேக் வெட்டியதும் என் பாட்டுத்தான் என்றும் சொன்னான். போகும்போது மட்டும் தயங்கினான்.

"மாமா, ஜனங்க ஆடலன்னா என் மேல கோவிச்சுக்கக் கூடாது லா."

இதற்கும் ஆடவில்லையென்றால் கீபோர்டை விற்றுவிடுவேன் என்று பிரேமலாவிடம் சொன்னேன். வீம்புக்குச் சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டிவிட்டேன். பேர் வேண்டாம், மேடை வேண்டாம். என் பாட்டுக்கு நாலு பேர் எழுந்து ஆடுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அந்த ஒன்று இல்லாமல் இத்தனை வருஷமும் எதற்கு என்றாகிவிடும்.

விருந்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. டிஜே ஜீவன் மெலிந்த பையன்தான், ஆனால் வேலை தெரிந்தவன். சினிமாப் பாட்டுகளைப் போட்டு ஜனங்களை நன்றாகச் சூடாக்கி வைத்திருந்தான். கிழவர்கள்கூடப் பிரியாணியை விட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். கேக் வெட்டினார்கள். கோப்பையைத் தூக்கி யாம் செங் என்று எல்லோரும் மூச்சுப் பிடித்துக் கத்தினார்கள். அடுத்ததாக மாப்பிள்ளையின் மாமா செய்த பாட்டு என்று ஜீவன் மைக்கில் சொன்னான்.

மெஷின் தாளம் விழுந்ததும் ஒரு கூட்டம் நடுவில் வந்து நின்றதைப் பார்த்தேன். ஒரு பெண் தோளைக்கூட அசைத்தாள். பிறகு சிள்வண்டு வந்தது. அவள் முகம் சுளித்தது. கைக்குழந்தை ஒன்று வாயைப் பிளந்து அழுதது. தாய் அதன் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஒரு மேசை முழுக்கக் காதைப் பொத்தியது. யுகேந்திரன் மணமேடையிலிருந்து கையால் வெட்டுவது போல் சைகை காட்டினான். பாட்டு பாதியில் அறுந்தது. ஜீவன் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டான், அதே ஜனங்கள் அதே இடத்தில் ஆடத் தொடங்கினார்கள்.

ஜீவனின் சட்டையைப் பிடிக்காத குறைதான். மேல்சத்தம் ஊசியாகக் குத்துகிறது என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், ஸ்பீக்கரை வைக்கத் தெரியாதவன் என் பாட்டைக் குறை சொல்லாதே என்று கத்தினேன். அவன் திருப்பிக் கத்தவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மேடைக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கியிருந்த அறைக்குக் கூட்டிப்போனான். தன் கைபேசியில் செருகிய ஹெட்போனை என் தலையில் மாட்டினான். ஸ்பீக்கர் சோதிக்க வைத்திருக்கும் சத்தங்கள் இவை, கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கிக் காட்டுங்கள் என்றான்.

தடித்த சத்தத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே போனது. நான் கையைத் தூக்கினேன். மறுபடி தூக்கினேன். இது என்ன பிள்ளை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டே கையைத் தூக்கி இறக்கினேன். சற்று நேரம் கழித்து அவனைப் பார்த்தேன். அவன் கைபேசியைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நான் நிறுத்தி ரொம்ப நேரமாச்சு," என்றான்.

என் கை மேலே நின்றது. தாளம் தப்பாமல் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்து ஒரு சத்தத்தை விட்டான். முகத்தைச் சுளித்துச் சட்டென்று எடுத்தான். அதே சத்தத்தை என் காதில் வைத்தான். ஒன்றுமில்லை. காதில் பஞ்சு மெத்தையை அழுத்தியது போல் வெறுமை. அவன் கண்ணில் தெரிந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. அடைப்பானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்த அத்தனை வருஷமும், அந்த வேனும், அந்தப் பூனைக் காதும் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. கோயில் விருந்தில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போன அக்காமார்களைக்கூட நினைத்துக்கொண்டேன். பாவம், அவர்களுக்குக் காது வலித்திருக்கிறது.

வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்தேன். ஜீவன் என் முழங்கையைப் பிடித்தான்.

"நல்ல பாட்டுண்ணே. பொய் சொல்லல. என் காதுக்குத் தக்கன வச்சு இன்னொரு தடவ போடட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆசை விடவில்லை. தலையாட்டினேன்.

அவன் யுகேந்திரனிடம் போய் என்ன சொன்னானோ தெரியாது. தன் கருவியில் சில குமிழ்களைத் திருகி மேல்சத்தத்தைக் குறைத்தான், ஹெட்போனில் ஒரு காதை வைத்துக் கேட்டான், இன்னும் கொஞ்சம் குறைத்தான். மைக்கில் ஏதோ சொன்னான். ஜனங்கள் சிரித்தார்கள். என் பாட்டு மறுபடி தொடங்கியது.

முதலில் லோஷினிதான் எழுந்தாள், பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. பிறகு அவள் தோழிகள். தோளை அசைத்த அந்தப் பெண் மறுபடி வந்தாள். கைக்குழந்தைக்காரி வாசலிலிருந்து திரும்பி வந்து குழந்தையை இடுப்பில் வைத்தபடியே ஆடினாள். கிழவர்கள் வந்தார்கள். இரண்டாம் முறை பல்லவி வந்தபோது அவர்கள் வாய் அசைந்ததைப் பார்த்தேன், என் வரியைப் பாடுகிறார்கள். இந்த ஒன்றைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம் அந்த அறையில் வெந்துகொண்டிருந்தேன்.

எனக்குக் கேட்டது தும் தும் என்ற அடி மட்டும். அடுத்த வீட்டில் யாரோ போட்ட பாட்டு சுவர் வழியாக வருவது போல் இருந்தது. என் குரல் இருந்தது, சொற்களில் பாதி உதிர்ந்திருந்தன. சிள்வண்டு வர வேண்டிய இடம் வந்ததும் மண்டபமே கைகளை மேலே தூக்கி விரல்களை நடுக்கியது. அது வந்துவிட்டது என்று அவர்கள் கைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அங்கே எனக்கு ஒன்றுமே இல்லை. அவர்களால் தாங்க முடிந்த பாட்டு எனக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்ட பாட்டை அவர்களால் தாங்க முடியவில்லை. இனி நான் என்ன செய்தாலும் இப்படித்தான். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. யுகேந்திரன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, மாமா அழுவுறாரு என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னான். ஜீவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தேன். மண்டபத்துக்குப் பின்னால் கார்கள் நிற்கும் இடம், அதை ஒட்டியே செம்பனை மரங்கள் தொடங்கிவிடுகின்றன. வெயில் தாழ்ந்திருந்தது. காரில் சாய்ந்து நின்றேன். என் காலடிச் சரளையும் மண்டபத்துத் தும் தும்மும் தவிர வேறு சத்தமில்லை. ஊரே பாய் விரித்துப் படுத்தாற்போல் அத்தனை அமைதி.

பிரேமலா தேடிக்கொண்டு வந்தாள். ஆடியிருக்கிறாள். தலைப்பூ கலைந்து, முகமெல்லாம் வியர்வை. கல்யாணமான நாளிலிருந்து அவளை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"வீட்டுல கேக்கறப்போ காது வலிக்கும்ங்க. ஒங்க மியூசிக்கே அப்படித்தான் போலன்னு நெனச்சு சொல்லாம இருந்துட்டேன்," என்றாள். "இன்னிக்கித்தான் சரியா இருந்துச்சு. நெசமான சிள்வண்டு மாதிரியே."

அவள் செம்பனை மரங்களின் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

"இப்ப கத்துது பாருங்க, அதே மாதிரி. ஒங்களுக்கு எப்படிங்க இவ்வளவு அச்சு அசலா வந்துச்சு?"

நான் மரங்களைப் பார்த்தேன். ஓர் ஓலைகூட அசையவில்லை. ஆமாம், அதே மாதிரிதான் இருக்கிறது என்று தலையாட்டினேன்.