மீன் ஐஸில் ஒரு செருப்பு

“நகத்த வச்சி அழுத்துங்க மாப்பிள்ளை. நல்லா அழுத்துங்க.”

கனடாவில் ஒரு டயர் கடைக்குள் நின்றிருந்த சதீஸ், போனில் தெரிந்த மாமியாரின் முகத்துக்குக் கட்டுப்பட்டு முதல் டயரை அழுத்தினான்.

“எறங்கல அத்தை. கல்லு மாதிரி இருக்கு.”

“மத்தது?”

“இது பனிக்கின்னே செய்ற டயர். பக்கத்துல மலையும் பனியும் படம் போட்டிருக்கு. நகம் கொஞ்சம் எறங்குது.”

“அப்ப அத விட்டுருங்க! நகம் எறங்குனா சீக்கிரம் தேஞ்சி போயிரும். படத்த பாத்து ஏமாறாதீங்க.”

இலங்கையில், எஹலியகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாலிபம் முழுக்க ரப்பர் பால் வெட்டியவள் இருளாயி. ரப்பரைப் பற்றி யாராவது கேட்டால் அவள் தலை தானாக நிமிரும். கேட்காவிட்டாலும் நிமிரும். பனியை அவள் கண்டது காலண்டர் படத்தில் மட்டுந்தான். அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த டயரைப் பூட்டப்போகிற பிக்கப் வண்டியை ஓட்டுகிறவள் மகள் தனுஜா. விடியுமுன்னே, ஐஸ் படிந்த ரோட்டில், முதியோர் இல்லத்து வேலைக்குப் போகிறவள். பனி டயர்தான் வேண்டுமென்று அவள் நின்றாள். வருசம் முழுக்க ஓடுகிற டயர் ஒன்றே போதும் என்று சதீஸ் நின்றான். கடைசியில் “அம்மா சொல்றதுதான்” என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். மகள் பக்கம் சாய்ந்தாள் என்ற பேர் வந்துவிடக்கூடாதே என்று இருளாயிக்குக் கவலை. சதீஸ் கேட்ட கல் மாதிரி டயருக்கே தீர்ப்புக் கொடுத்தாள்.

“சரி அத்தை, நாளைக்கு காலையில வந்து பூட்டிக்கிறேன்.”

மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களுக்கெல்லாம் செய்தி போய்விட்டது. “கனடாவுல இருந்து என்னைய கேட்டுத்தான் டயர் வாங்குறாங்க.” சாயங்காலம் டவுனுக்கு இறங்கியவள், மீன் கடை ஸப்ரியையும் விடவில்லை. அவன் ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தான்.

“ஸப்ரி மொதலாளி, ஐஸ் ரோட்டுக்கு என்ன டயர் போடணும் தெரியுமா?”

“கீழ ஐஸ் ஈக்குது அக்கா, பாத்து வாங்கோ.”

“ஐஸ் என்னைய என்ன செய்யும்? நான் என்ன சொல்றேன்னா...”

என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த நொடி சிமெண்டுத் தரையில், சாளை மீன் கூடைக்குப் பக்கத்தில், கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கூடிவிட்டது. இந்த ஊரில் பனியே கொட்டியிருந்தாலும் இவ்வளவு பேர் வந்திருக்கமாட்டார்கள்.

“அடி பட்டதா அக்கா?”

“இல்ல. சும்மா உக்காந்தேன்.”

ஸப்ரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, தெறித்துப்போன செருப்பை எடுத்துக் கொடுத்தான். “இது என்ன அக்கா, அடிப்பக்கம் பலக மாதிரி ஈக்குது? நான் காலைல இருந்து இந்த ஐஸுக்குள்ளதான் நடக்கேன். விழல்லையே.”

இருளாயி அவன் காலைப் பார்த்தாள். பஞ்சு போன்ற பழைய ரப்பர் செருப்பு. தன் செருப்பைப் பார்த்தாள். வருசக்கணக்கில் உழைக்கட்டும் என்று, வாங்கும்போதே நகத்தால் அழுத்திப் பார்த்து, இறங்காததாகத் தேடி எடுத்தது.

மறுபடி நகத்தால் அழுத்திப் பார்த்தாள்.

“மொதலாளி, உங்க செருப்புல ஒண்ண குடுங்க.”

“எதுக்கு?”

“ரெண்டையும் அந்த ஐஸ் பெட்டியில போடணும்.”

“அக்கா, மீன் ஈக்குது அதுக்குள்ள!”

“மீனு ஒண்ணும் சொல்லாது. குடுங்க.”

மீன் வாங்க வந்த ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். “எனக்கு நிறுத்த மீன் இந்தப் பெட்டியிலயா எடுத்தீங்க?”

“அது வேற பெட்டி, வேற பெட்டி!” என்று ஸப்ரி கத்தினான்.

கவிழ்த்த கூடையொன்றில் உட்கார்ந்து இருளாயி காத்திருந்தாள். பிறகு இரண்டையும் வெளியே எடுத்தாள். அவளுடையது விறைத்துப் பலகையாகவே ஆகியிருந்தது. ஸப்ரியுடையது இன்னும் வளைந்தது. ஐஸ் தூளில் வைத்து அழுத்தி இழுத்தாள். அவளுடையது மீன் வாலைப் போல வழுக்கி ஓடியது. அவனுடையது ஒட்டிக்கொண்டு நின்றது.

அங்கே விடிந்திருக்கும். சதீஸ் இந்நேரம் கடையில் இருப்பான்.

போனை எடுத்தாள், வைத்தாள். மாப்பிள்ளையிடம் என்னவென்று சொல்வது? படித்துப் பார்த்தேன் என்றா? எதைப் படித்தாய், காலண்டரையா? பீலியடியில் இனி என்ன முகத்தோடு நிற்பது? இருட்டு ரோட்டில் தனுஜா பிரேக்கை அழுத்துவதும், வண்டி அந்தச் செருப்பைப் போல ஓடுவதும் கண்ணுக்குள் வந்தது. மறுபடி எடுத்தாள்.

“மாப்பிள்ளை! பூட்டியாச்சா?”

“ரெண்டு பூட்டியாச்சு அத்தை. மத்த ரெண்டும்...”

“கழட்டச் சொல்லுங்க. நகம் எறங்குனதையே போடுங்க. தனுஜா சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு.”

“என்ன அத்தை, நேத்துத்தானே...”

“நேத்து நான் விழல. இன்னைக்கி மீன் கடையில ஐஸ்ல விழுந்துட்டேன்.”

அந்தப் பக்கம் சதீஸ் கடைக்காரரிடம் இங்கிலீசில் பேசுவது கேட்டது. ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது.

“என்ன சொன்னீங்க மாப்பிள்ளை?”

“உண்மையத்தான். எங்க அத்தை மீன் கடையில விழுந்துட்டாங்க, அதனால டயர மாத்தணும்னேன். அவருக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா கழட்டுறாரு.”

“நாலுக்கும் அதுதானே?”

“நாலுக்கும் பனி டயர்தான் அத்தை.”

அப்போதுதான் இருளாயிக்கு இடுப்பு வலிக்க ஆரம்பித்தது.

பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி எழுந்து முன்னால் போய்விட்டாள். கண்டக்டர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்து, வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவளைச் சிங்களத்தில் கேட்டான்.

“அம்மே, மாளுத?”

மீனா என்றுதான் கேட்கிறான். இருளாயி கால்களை இழுத்துச் சீட்டுக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.

“நே புதே,” என்று, இல்லை மகனே எனத் தலையாட்டினாள். “டயர்.”