நாலு போத்தல் முட்டை

நான் முக்கியமா மீன் முட்டை முக்கியமா என்று என் மனுசனைக் கேட்டுப் பாருங்கள், தண்ணீர் அள்ளக் கிணற்றுத் துலாவுக்குப் போய்விடுவார். கடலுக்குப் போகத் தடை வந்ததும், கொழும்புத்துறையில் வள்ளத்தை விட்டுவிட்டு, புத்தூரில் என் அக்காவின் தோட்டத்துக்கு வந்த மனிதர். பெயர் நாகலிங்கம். கடல் இல்லாவிட்டால் தொட்டியில் மீன் வளர்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

திலாப்பியாத் தாய் தன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். பொரிக்கும்வரை ஒன்றும் தின்னாது. ஆனால் குண்டு போட வரும் பொம்மர் விமானம் இரைந்தால் பயந்து முட்டைகளை விழுங்கிவிடும். பாவம், அதைக் குற்றம் சொல்ல முடியுமா? அதனால் இவர் தாயின் வாயிலிருந்து முட்டைகளை எடுத்து, அடி வெட்டிக் கவிழ்த்துக் கட்டிய நாலு போத்தல்களில் விட்டார். மேலே பீப்பாய். அதிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் முட்டைகளை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் அடியில் படிந்து மூச்சடைத்துச் செத்துவிடும். மோட்டருக்கு மண்ணெண்ணெய் ஏது? துலாவில் அள்ளி அள்ளிப் பீப்பாயை நிரப்பி இவருடைய உள்ளங்கை உரிந்துபோனது.

அன்று காலை, முட்டைக்குள் கண் தெரிகிறது என்று கூட்டிப்போய்க் காட்டினார். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம்!

மத்தியானம் பொம்மர் வந்தது. தோட்டத்தில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் குதித்துவிட்டுப் பார்த்தால் இவரைக் காணவில்லை.

“இஞ்சேருங்கோ, வாங்கோ!”

“பீப்பா வத்தப் போகுது. நீ இரு, வாறன்.”

“உந்த முட்டையோ உங்களுக்குக் கொள்ளி வைக்கப்போகுது?”

துலா தொடர்ந்து கிறீச்சிட்டது. எனக்கு வந்த ஆத்திரம்! ஏறி ஓடினேன். போத்தல் கட்டியிருந்த சட்டத்தைப் பிடித்து இழுத்துச் சரித்தேன். முட்டையெல்லாம் சூடான மண்ணில் கொட்டுண்டது.

“இனி ஒண்டுமில்லை. இப்ப வாங்கோ.”

வந்தார். குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. நான் செய்தது சரிதான், இப்போதும் சொல்வேன். உயிர் இருந்தால் முட்டை பிறகும் எடுக்கலாம். அவர்தான் அதன்பின் என்னோடு கதைக்கவில்லை.

அடுத்த கிழமை மறுபடி பொம்மர். நான் பங்கருக்குள் ஒதுங்கி அவருக்கு இடம் விட்டேன். வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வெறும் சட்டத்தின் அருகே, கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். துலாவும் ஆடவில்லை.

“ஐயோ, இப்ப உங்கை என்ன கிடக்கெண்டு இருக்கிறியள்?”

“நீ போ.”

போகவா? போய்ப் பக்கத்தில் குந்தினேன். “அப்ப நானும் இருக்கிறன்” என்று அவருடைய உரிந்த கையைப் பிடித்தேன்.

பொம்மர் குண்டு போடக் கீழே பதியத் தொடங்கியது.