ஒன்றாம் நம்பர் பனிவண்டி

ஜெபசிங்கின் வண்டியிலிருந்து இடப்பக்கத்து ரப்பர் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பட்டை கையோடு வந்ததும் அவனுடைய இடது கால் நின்றுபோனது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வெரசாக் கழட்டுல, தணிகா. மேல ஒருத்தன் பனிக்குள்ள கெடக்காம்லா."

எங்கள் மலைப்படையில் பனிவண்டிகள் இரண்டே இரண்டு. சக்கரம் கிடையாது. ரப்பர் பட்டையில் கம்பளிப்பூச்சி மாதிரி ஊரும். அதைச் செய்த நாடு வரைபடத்தில் இப்போது இல்லை. ஸ்பேர் கேட்டு எழுதினால் கடிதம் கடல்நீர் சொட்டத் திரும்பி வரும். அதனால் ஒரு வண்டி ஓட இன்னொன்றைக் கழற்றுவோம். வண்டியோடு அதன் டிரைவரும் கழல்வார். வழக்கம் அது.

ஒன்றாம் நம்பர் அவனுடையது. இரண்டாம் நம்பர் என்னுடையது.

சுபேதார் சுவரில் தொங்கினார். தீபாவளியிலிருந்து அவர் வெப்பமானி. கழுத்தளவு இருந்த சிவப்புக் கோடு இடுப்புக்கு இறங்கியிருந்தது.

"பாதத்துக்கு வந்துட்டா பனி மூடிடும். அப்புறம் அவன் மலைக்குத்தான் சொந்தம்" என்றார்.

"மேல கெடக்கது யாருல?" என்றான் ஜெபசிங்.

"தெர்லபா" என்றேன்.

முன்விளக்குகளைக் கழற்றினேன். அவன் என் குரல் வந்த பக்கம் திரும்பினான்.

"பொய் சொன்னா ஒனக்கு மூக்கு செவக்கும். பாக்கத்தான் கண்ணு இல்லாமப் போச்சு."

இரண்டு வண்டிகளும் அருகருகேதான் நின்றன. ஒவ்வொரு பாகத்தைத் தூக்கிப் போகும்போதும் கொட்டகை நீண்டது. திரும்பி வர மூச்சு வாங்கியது.

"ஹீட்டரையாவது வச்சிக்கடா."

"எனக்கு எதுக்குல? அவன் வெறச்சுக் கெடப்பான், பாவம். அவனுக்கும் ஒரு அம்மை இருப்பாள்லா? தொட்டுப் பாக்கையில கொஞ்சம் சூடு இருக்கட்டும்."

எடுத்தேன். அவன் வாயிலிருந்து ஆவி வருவது நின்றது.

கடைசியாக ஹாரன்.

"கொரலும் வேணுமோ? கொள்ளைக்காரப் பய. கொண்டு போ. மேல போயி..."

கம்பியைப் பிடுங்கிவிட்டேன். அவன் உதடுகள் மட்டும் அசைந்தன.

வண்டி கிளம்பியபோது சுபேதாரின் சிவப்பு முழங்காலில் இருந்தது. மலை இரண்டு முறை தன் இடத்தை மாற்றிக்கொண்டது. மூன்றாம் முறை விட்டுக்கொடுத்தது.

அவன் புதைந்ததற்கு அடையாளமாகக் கொடி நட்டிருந்த இடத்தில் நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை. அந்த உயரத்தில் அணைத்தால் மறுபடி உயிர் வராது.

தோண்டினேன். முதலில் ஒரு கையுறை தெரிந்தது. பிறகு தோள். விளக்குகளுக்கு முதுகைக் காட்டி, வெளிச்சத்தை மறைத்தபடியே தோண்டினேன்.

பின்னால் ஹாரன் தானாக அடித்தது.

"ஒதுங்குல, தணிகா. மறைக்கியே."

"வேணாம்டா."

"யாருன்னு பாக்கணும்லா. எல்லாத்தையும் குடுத்திருக்கேன்."

முகத்தில் இருந்த பனியைக் கையால் துடைத்தேன். ஒதுங்கினேன்.

ஜெபசிங்கின் விளக்குகள் ஜெபசிங்கின் முகத்தில் விழுந்தன.