இருபக்கமும் பேசியவள்

கமண்டல நாகநதியின் வறண்ட மணற்பரப்பின்மேல் மாலை வெயில் பொன்னாய்ப் படிந்து கிடக்க, சாயந் தோய்த்த பட்டிழைகள் கழிகளில் தொங்கித் தெருவெங்கும் மயில்கழுத்தும் மாதுளையுமாய் நிறம் பரப்ப, இல்லந்தோறும் தறியோசை மெல்ல ஓய்ந்துவர, ஆரணி நகர் அன்றைய உழைப்பை முடித்து மூச்சுவிடும் வேளை அது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, திங்கள் பங்குனி. சான்றீர், ஊரார் யாவரும் வீடு திரும்பும் அவ்வேளையில் நெசவாளர் சம்பந்தம் மட்டும் வெளுத்த வேட்டி உடுத்து, மனைவி உண்ணாமலையை அழைத்துக்கொண்டு, மகள் பயிலும் கல்லூரியின் ஆண்டுவிழாவுக்கு விரைந்துகொண்டிருந்தார்.

மகள் லீலா தமிழ் இளங்கலையில் இரண்டாம் ஆண்டு மாணவி. உவமையும் உருவகமும் எதுகையும் மோனையும் அவள் நாவில் வீட்டுப்பிள்ளைகள்போல் உரிமையோடு விளையாடின. எப்பக்கம் வாய்ப்பினும் அப்பக்கம் நின்று வெல்வதே சொல்வன்மை என்பது அங்கே பாடம். அதை அவள் ஐயமறக் கற்றிருந்தாள். அவள் நெஞ்சில் இருந்த ஆசையோ ஒன்றே: மூன்றாம் ஆண்டையும் படித்து முடிக்க வேண்டும். ஆனால் தேசூர்ப் பட்டு வணிகர் அருணாச்சலம், தம் மகனுக்கு அவளைப் பெண்கேட்டு, வைகாசியிலேயே மணம் முடிக்க வேண்டும், மணத்தோடு படிப்பும் முடிய வேண்டும் என்று நெருக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தம் இன்னும் விடை சொல்லவில்லை.

அன்றைய சொற்போரின் பொருள், பெண்ணுக்குப் பெருமை கல்வியா, இல்லறமா என்பது. சீட்டுக் குலுக்கியதில் லீலாவுக்கு வாய்த்தது இல்லறம். பாவம், அவள் என் செய்வாள்! கற்ற பாடம் விடுமா? விளக்கேற்றும் கையின் அழகையும் விருந்தோம்பும் மனையின் மாண்பையும் அடுக்கடுக்காய் எடுத்துரைத்து, ஏடுகள் ஓராண்டு காத்திருக்கும், இளமை காத்திராது என்று அவள் முடித்தபோது அரங்கம் அதிர்ந்தது. முதற்பரிசும் அவளுக்கே. முன்வரிசையில் சம்பந்தம் கண்ணீர் மல்க அமர்ந்திருந்தார். தவளையும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது அவ்வளவு இனிமையாகப் பாடிக் கெட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வீடு வந்ததும் அவர் மகிழ்ச்சியோடு சொன்னார்: "என் கண்ணத் தொறந்துட்டம்மா. காலையில தேசூர் போயி வாக்கு குடுத்துட்டு வந்துடறேன்."

லீலா திகைத்தாள். "ஐயோ, அது சீட்டுல வந்த பக்கம்பா!"

"வந்தா இன்னா? பேசினது நீதானே?"

அவள் விடவில்லை. பரிசுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அக்கூடத்தின் நடுவிலேயே நின்று, சற்றுமுன் தான் எழுப்பிய கோட்டையைத் தானே கல் கல்லாய்ப் பெயர்த்தாள். கல்லாத மனை இருண்ட மனை என்றாள்; மணம் எப்போதும் வரும், கல்லூரி ஒருமுறையே கதவு திறக்கும் என்றாள். உண்ணாமலை வாய்பிளந்து கேட்டாள். சம்பந்தமும் தலையசைத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகம் வாடியது.

"இதுவும் நல்லாத்தான் இருக்குது. அதுவும் இதே மாதிரிதான் நல்லா இருந்துச்சி. நீ பேசிகினு இருக்கறப்போ எல்லாமே நெசமாத் தெரியுது. இதுல எது உன்னுதும்மா?"

லீலா வாய் திறந்தாள். கற்ற அணிகளுள் ஒன்றும் வரவில்லை. விக்கி விக்கித்தான் சொன்னாள்:

"எனக்குப் படிக்கணும்பா."

"அப்புறம்?"

"அவ்ளோதான்பா."

"இதுக்கு மேல அது இன்னாங்க பேசணும்?" என்று உண்ணாமலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சம்பந்தம் விளக்கை அணைத்துவிட்டு உறங்கப் போனார்.

மறுநாட் காலை, சொன்னபடியே தேசூர் சென்றார். அருணாச்சலம் இருக்கை தந்து, மோர் தந்து, மலர்ந்த முகத்தோடு அவர் வாக்கை எதிர்நோக்கினார்.

"மன்னிக்கணுங்க. பொண்ணு படிக்கணும்னு சொல்லுது."

"எங்க பக்கத்துல எதுனா குறையாங்க?"

"ஒரு குறையும் இல்லீங்க."

"அப்புறம் இன்னா காரணம்?"

"அவ்ளோதாங்க."

மூன்றாம் ஆண்டில் லீலா எஞ்சிய அணிகளையும் கற்றாள்; முதல் வகுப்பில் தேறினாள்; பிற்காலத்தில் மேடைகள் பல கண்டாள். எனினும் அவள் வாழ்வை அவளுக்கே மீட்டுத் தந்த பேச்சு, கூடத்தில் விக்கி விக்கிச் சொன்ன அந்த ஒற்றைத் தொடரே. அதற்குக் கைதட்டியவர் யாருமிலர். ஆயினும் அதில் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தேசூர்வரை கொண்டுசென்று சேர்த்தார் அவளைப் பெற்றவர்.