இல்லாத மாமாவும் தபாலாபீஸ் மனையும்

எங்கள் ஆங்கியோவில் தபாலாபீஸ் கட்ட இடம் பார்க்க ஹிராய்வா என்ஜினீயர் வந்திறங்கிய அன்று ஊரில் பாதிப் பேர் வாசல் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்களை ஆண்ட ஜப்பான் சர்க்கார் ஒரு மனையில் குச்சி நட்டுவிட்டால், அது கொடுக்கிற விலைக்கு அந்த மனையில் படுத்திருந்த நாயைக்கூட வாங்க முடியாது. அளவுச் சங்கிலியோடு அவர் தெருவில் நுழைந்தால் வீடுகளெல்லாம் தாமாகவே ஓரடி பின்னால் நகர்ந்து நின்றன. அந்தத் தெருவில் சவரக்கடை வைத்திருந்தவன் நான். இந்தக் கண்ணால் பார்த்தேன்.

என் கடைக்கு எதிரே, கோ சுன்-லாயின் வாசலில் மட்டும் சங்கிலி இரண்டு முறை நீண்டு சுருண்டது. லாய் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற சோயா சாறு ஊற வைக்கிறவன். முற்றம் முழுக்க ஆளுயரச் சாடிகள். அவனுடைய அப்பன் காலத்து ஊறலிலிருந்து ஒரு கை எடுத்துப் போட்டுத்தான் ஒவ்வொரு வருஷமும் புது அவரையை ஊற வைப்பான். அந்தச் சாற்றில் ஒரு சொட்டுப் பட்டால் செருப்புத் தோலும் விருந்தாகிவிடும். சாடியை இடம் மாற்றினாலோ ஊறல் செத்துப்போகும். பிறகு லாயிடம் என்ன இருக்கிறது? இரண்டு கையும் ஒரு பெண்டாட்டியும்தான்.

அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

"சாவு விழுந்த மனையில எவனாவது சர்க்கார் ஆபீஸ் கட்டுவானா? ஒரு சவப்பெட்டிய வாசல்ல வெச்சுடுவோம்."

"செத்தது யாருன்னு கேட்டா?" என்றாள் அவன் மனைவி ஆ-குவி.

"தெற்கேயிருந்து விருந்துக்கு வந்த மாமா. வயசாயிடுச்சு, போயிட்டாரு."

"எனக்குத் தெரியாம உங்களுக்கு ஏதுங்க மாமா?"

"இப்பதான் பொறந்தாரு. நீ அழு."

அழுதாள் பாருங்கள்! கடனுக்குப் பெட்டி கொடுத்த சவப்பெட்டிக்காரனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெள்ளை விளக்கு தொங்கியது, செத்தவருக்கென்று காகிதப் பணம் எரிந்தது. வழக்கப்படி அக்கம்பக்கத்தில் நாங்களும் சாவுத் தீட்டு அண்டாமல் எங்கள் வாசல் நிலையில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டோம். தெருவுக்கே சொல்லி வைத்திருந்தான் லாய்: யார் கேட்டாலும் மாமாவைத் தெரியும் என்று சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் ஹிராய்வா வந்தார். பெட்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். லாய்க்கு வந்த சந்தோஷத்தில் துக்கச் சாக்குத்துணியோடு முற்றத்தில் ஒரு குதி குதித்தான். கூரை ஓடு நாலு விழுந்தது.

ஆனால் அது கொள்ளைநோய் வருஷம். சாவைப் பார்த்தால் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஹிராய்வா ஒழுங்காகத் தெரிவித்துவிட்டார். மத்தியானமே வெள்ளை உடுப்புச் சுகாதார அதிகாரி நாலு போலீஸோடு வந்து நின்றார். மொழிபெயர்க்க லிம் தெக் என்ற நம்மூர்ப் பையன்.

"என்ன நோயில செத்தாருன்னு கேக்குறாரு," என்றான் தெக்.

"நோயெல்லாம் இல்ல தம்பி. வயசு."

அதிகாரி தெருவைக் கேட்டார். லாய்க்கு உதவுகிற ஆசை தெருவுக்குப் பொங்கி வழிந்தது.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் நூடுல்ஸ் விற்கிற பான்-சோ. "எங்கிட்டதான் சூப்பு குடிச்சாரு. பாவம், கிண்ணத்தைப் புடிக்க முடியாம கை நடுங்குச்சு."

டீக்கடைக்காரன் விட்டுக்கொடுப்பானா? "நடுக்கமா? மூணு போர்வை போத்தியும் கட்டில் ஆடுச்சுங்கையா. ராத்திரியெல்லாம் அனத்தல், இங்க வரைக்கும் கேட்டுது."

லாயின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. தெக் ஒவ்வொன்றாக மொழிபெயர்க்க, அதிகாரி இரண்டடி பின்னால் போனார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே வைக்கோலும் ஆட்டுக்கல் ஒன்றும்.

"பொணம் எங்க?"

"மாமாவே கிடையாதுங்கையா! இடத்தை எடுத்துக்குவீங்கன்னு பயந்து நாடகம் போட்டேன்!" லாய் மண்ணில் விழுந்தான். "பான்-சோ, நெசத்தைச் சொல்லேன்!"

பான்-சோ சொன்னாள். டீக்கடைக்காரனும் சொன்னான். தெருவே திரண்டு, மாமாவை யாரும் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்தது. அதிகாரி தலையை மட்டும் ஆட்டினார். கொள்ளைநோய்ப் பிணத்தை ஒளித்துப் புதைத்துவிட்டு ஊரே ஒன்றாகப் பொய் சொல்வதை அவர் அந்த வருஷம் பத்து ஊரில் பார்த்திருந்தார். செத்தவனைச் செத்தான் என்று காட்டலாம். பிறக்காதவனை எப்படிக் காட்டுவது?

லாயையும் ஆ-குவியையும் ஆற்றோர நோய்க் கொட்டகையில் கொண்டுபோய் அடைத்தார்கள். வீட்டுக்குத் தீ வைத்தார்கள். சாடிகளைச் சம்மட்டியால் உடைத்துச் சுண்ணாம்பு கொட்டினார்கள். கறுப்புச் சாறு முழங்கால் ஆழத்துக்குத் தெருவில் ஓடியது; ஒரு வாத்து அதில் நீந்திக் கோயில் வரைக்கும் போனது. அந்த மாதம் முழுக்க நாங்கள் வெறும் சோற்றை வாசலில் வைத்துக்கொண்டு வாசனையைத் தொட்டுச் சாப்பிட்டோம். யாருக்கும் இறங்கவில்லை.

கொட்டகையிலிருந்து லாய் மட்டும்தான் திரும்பினான். அங்கே நிஜமாகவே காய்ச்சல் இருந்தது. ஆ-குவிக்காக அழ அவனைத் தவிர ஆளில்லை. அவன் வந்து பார்த்தபோது மனையில் செங்கல் அஸ்திவாரம் இடுப்பளவு எழும்பியிருந்தது.

லிம் தெக் என் கடைக்கு வந்து, சவரத்துக்கு உட்கார்ந்திருந்த லாயின் காலடியில் உட்கார்ந்து சொன்னான்: "அண்ணே, உங்க மனை ரொம்பச் சின்னது, வேண்டாம்னு என்ஜினீயரு அன்னிக்கே முடிவு பண்ணிட்டாரு. சர்க்கரைக் கிடங்குகிட்டதான் பாத்து வெச்சிருந்தாரு. அப்புறம் இது காலியாச்சு. நோய் வீடுன்னு எரிச்ச எடத்துக்குக் காசு குடுக்க வேண்டியதில்ல. அதான்..."

"ரெண்டு தடவை அளந்தாரே?"

"மொதல் தடவை சங்கிலி சிக்கிக்கிச்சுண்ணே."

லாய் பாதிச் சவரத்தோடு எழுந்து போனான்.

தபாலாபீஸ் திறந்தபோது ஊரே பட்டாசு வெடித்தது. மழைக்காலத்தில் ஒருநாள் லாய் உள்ளே நுழைவதை என் கடையிலிருந்து பார்த்தேன். பளபளத்த தரையைப் பார்த்துக்கொண்டே, தபால் தலை விற்கிற கம்பிக் கூண்டுக்கு முன்னால், பழைய முற்றம் இருந்த இடத்தில் போய் நின்றான். வாசனை பிடிக்கிறவன் மாதிரி மூச்சை இழுத்தான்.

"என்னய்யா வேணும்? தபால் தலையா?" என்றான் உள்ளே இருந்தவன்.

"ஒண்ணும் வேணாம். கொஞ்சம் நின்னுட்டுப் போறேன்."

"மழைக்கு ஒதுங்குறதுன்னா வெளிய நில்லு. இது சர்க்கார் இடம்."

லாய் சரியென்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து மழையில் நின்றான்.