முந்நூற்றிருபது மீட்டர்

வானத்தின் விலை சதுர அடிக்கு ஐயாயிரம். கீழ்மாடிகளில் வீடு ஒன்பதாயிரம்தான். பன்னிரண்டாவது மாடிக்குப் போனால் வீட்டோடு வானமும் வருகிறது, ஆக மொத்தம் பதினான்காயிரம். இந்த விலையைக் கண்டுபிடித்தவர் முதலாளி. ஜன்னலுக்கு வெளியே இருப்பதையும் ஜன்னலோடு சேர்த்து விற்கத் தெரிந்தவர். வானம் யாருடைய சரக்கு என்று கேட்ட ஆளில்லை. வாங்க வந்தவர்கள் தள்ளுபடி உண்டா என்று மட்டும் கேட்டார்கள்.

சிக்கல் ஒன்றே ஒன்று. அஸ்திவாரம் போட்டாகிவிட்ட கட்டடத்துக்கு மொத்தமே பதினொரு மாடி. வானம் தொடங்குவதற்கு ஒரு மாடி முன்னால் அது முடிந்துவிடுகிறது.

அதற்காகத்தான் முதலாளி மாடல்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். மாடல்காரர் நாற்பத்துமூன்று வயது, ஒற்றை ஆள், அந்த நிறுவனத்தில் பதினைந்து வருடம். கட்டடத்தை மண்ணில் கட்டுவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் முப்பரிமாணத்தில் கட்டிப் பார்ப்பது அவர் வேலை. அது வெறும் படம் இல்லை. தூண், உத்தரம், படிக்கட்டு, குழாய் எல்லாம் அதில் ஒன்றுக்கொன்று சொந்தம். மாடியின் உயரத்தை ஓரிடத்தில் மாற்றினால் படிகளின் எண்ணிக்கை தானாக மாறும், லிஃப்ட் நீளும், குழாய் வளரும். "கூட்டுக் குடும்பம் மாதிரி சார், ஆனா சண்டை வராது" என்று மாடல்காரர் பெருமையாகச் சொல்வார்.

பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து முதலாளி கேட்டார்: "பதினொண்ணுன்னு இருக்கே, அங்க பதிமூணுன்னு போட்டா என்னாகும்?"

"போட்டுப் பாக்கலாம் சார்."

போட்டார். திரையில் கட்டடத்தின் அடியில் அறுபத்துநான்கு சிவப்புப் புள்ளிகள் முளைத்தன.

"என்னப்பா இது, அம்மை போட்ட மாதிரி?"

அவை பைல்கள். கட்டடத்தின் பாரத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்குகிற கான்கிரீட் தூண்கள். மூன்று வாரத்துக்கு முன்புதான் அறுபத்துநான்கையும் இறக்கி முடித்திருந்தார்கள். முடிந்துபோன வேலையை மாடலில் பூட்டி வைப்பது வழக்கம்; யார் எந்த எண்ணை மாற்றினாலும் அது அசையாது, பாரம் தாங்க முடியாவிட்டால் சிவந்து காட்டும். அதைத்தான் அது காட்டியது.

முதலாளியின் முகம் சுருங்குவதை மாடல்காரர் பார்த்தார். "ஒரு நிமிஷம் சார்" என்றார். பூட்டை எடுத்துவிட்டு மறுபடியும் பதிமூன்று என்று தட்டினார். நாற்பது விநாடி. தூண்கள் பருத்தன, லிஃப்ட் ஏறியது, மொட்டை மாடி நடுவில் இருந்த தண்ணீர்த் தொட்டி இடம் போதாமல் வடக்கு மூலைக்கு நகர்ந்து உட்கார்ந்தது. அடியில் இருந்த பைல்கள் இருபத்தாறு மீட்டரிலிருந்து முப்பத்தொரு மீட்டருக்கு வாய் திறக்காமல் நீண்டுகொண்டன. எங்கும் பச்சை.

முதலாளி கைதட்டினார். கைதட்டியதோடு நிற்காமல், பன்னிரண்டாவது மாடி வடக்கு மூலையில் ஒரு சின்ன வீட்டை மாடல்காரரின் அக்காவுக்கு ஒன்பதாயிரம் விலையிலேயே தருவதாகவும் சொன்னார். வானம் இலவசம்.

பூட்டைத் திரும்பப் போட வேண்டும் என்று மாடல்காரர் நினைத்தார். நினைத்ததோடு சரி. அக்காவுக்குப் போன் பண்ணுகிற அவசரம்.

*

எட்டு மாதம் கழித்து, ஒன்பதாவது மாடிக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தபோது, பைல் மேஸ்திரி கடைசி பில்லோடு வந்தார். பில் என்பது அந்தத் தொழிலில் ஒரு விளையாட்டு. வேலை செய்தவர் ஏற்றிப் போடுவார், ஆபீஸ் வெட்டும், இருவரும் திட்டிக்கொண்டே நடுவில் சந்திப்பார்கள். மாடல் தருகிற அளவுத் தாளை வைத்து வெட்டுவது மாடல்காரரின் பொறுப்பு.

"தாளைக் காட்டுங்க தம்பி" என்றார் மேஸ்திரி. "எவ்வளவு வெட்டப்போறீங்கன்னு தெரிஞ்சா மனசைத் தேத்திக்குவேன்."

மாடல்காரர் தாளைப் பார்த்தார். பில்லைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். "மேஸ்திரி, கம்மியா போட்டிருக்கீங்க."

மேஸ்திரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முப்பது வருஷத்துல இந்த வார்த்தையை எந்த ஆபீஸ்லயும் கேட்டதில்லை. இன்னொரு தடவை சொல்லுங்க, காதுக்கு நல்லா இருக்கு."

"முந்நூத்தி இருபது மீட்டர் கம்மி."

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றை எடுத்தார். வியர்வையில் வளைந்துபோன நோட்டு. ஒவ்வொரு பைலுக்கும் தேதி, ஆழம், போட்ட கான்கிரீட் எல்லாம் பென்சிலில் இருந்தது. "அறுபத்திநாலு பைலு. ஒண்ணொண்ணும் இருபத்தாறு. ஆயிரத்தி அறுநூத்தி அறுபத்திநாலு மீட்டர். உங்க மெஷினு பாசத்துல கூடக் குடுக்குதுன்னா நான் வேணாங்கலை. ஆனா மண்ணுக்குள்ள இருக்கிறது இதுதான்."

தாளில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துநான்கு இருந்தது. மண்ணுக்குள் இறுகிப்போன கான்கிரீட்டை அந்த மாடல் ரப்பரைப் போல இழுத்து ஐந்து மீட்டர் நீட்டி வைத்திருந்தது. நடந்து முடிந்தது எது, இனிமேல் நடக்க வேண்டியது எது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்லி வைப்பதற்குத்தான் பூட்டு.

அடுத்த அறையில் இருந்தவர் கணக்கு சார். எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திடுகிற இன்ஜினியர். விஷயத்தைக் கேட்டதும் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டுப் பேப்பரில் போட்டுப் பார்த்தார். இரண்டு தாள் ஆனது.

"வர்ற பாரத்தைப் போல ரெண்டரை மடங்கு தாங்கணும். அதுதான் விதி. பதிமூணு மாடிக்கு இப்ப ரெண்டு சொச்சம்தான் வருது. தொட்டி இருக்கிற வடக்கு மூலையில ஒன்றரை."

"ஒன்றரைன்னா?"

"நிக்கும். மண்ணு நல்ல மனசோட இருக்கிற வரைக்கும்."

"இல்லேன்னா?"

"ஒரு பக்கமா உக்காரும். ஒரே நாள்ல இல்லை. முதல்ல கதவு மூடாது. அப்புறம் செவுத்துல கீறல் விடும். அப்புறம்..." கணக்கு சார் பென்சிலைக் கீழே வைத்தார்.

"புதுசா நாலு பைல் இறக்கினா?"

"மேல ஒன்பது மாடி நிக்குது. மெஷினை எங்க நிறுத்துவீங்க? ஒரே வழி, பதினொண்ணோட நிறுத்துறது. நிறுத்திட்டா பழைய கணக்கு, நிம்மதி."

"முதலாளிகிட்ட நீங்க சொல்லுங்க சார்."

"பச்சையைப் பாத்துக் கையெழுத்துப் போட்டவன் நான். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவேன்? நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்."

சொன்னபடியே நின்றார். கதவுக்குப் பக்கத்தில்.

முதலாளி முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். வியாபாரத்தில் வளர்ந்தவர், எதிராளி தன் சரக்கையெல்லாம் இறக்கி முடிக்கும்வரை விலை கேட்க மாட்டார்.

"இந்த ரெண்டரையை யாரு வெச்சது?"

"விதி சார்."

"ரெண்டரைன்னு ஒருத்தன் ஆரம்பிச்சா ரெண்டுல முடிக்கிறதுதானே பேரம்?"

"மூலையில ஒன்றரைதான் சார் இருக்கு."

"ஒன்றரையும் ஒண்ணுக்கு மேலதானே."

கணக்கில் பிழையில்லை.

"மேல ரெண்டு மாடியும் வித்தாச்சு" என்றார் முதலாளி. "பதினாறு குடும்பம். அவங்க குடுத்த பணம்தான் கீழ கம்பியா, சிமெண்டா நிக்குது. இப்பப் போய் வானத்தைத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கவா? உங்க அக்கா வீடு எந்தப் பக்கம்?"

"வடக்கு மூலை சார்."

"பாரு. மாடல் போட்டவனே சொந்த அக்காவுக்கு அங்கதான் வாங்கியிருக்கான்னு சொல்லித்தான் பத்து வீடு வித்தேன்."

"நிறுத்தினா அக்கா பணம்?"

"எல்லாருக்கும் தவணையிலதான் திரும்பும். எப்ப முடியும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நான் பொய் சொல்ற ஆளில்லை." முதலாளி பில்லை எடுத்துப் பார்த்தார். "மேஸ்திரிக்கு உன் தாள்ல இருக்கிறபடியே பணத்தைக் குடுத்துடு. ரெண்டு கணக்கும் ஒண்ணா இருந்தா கேள்வி எங்கேருந்து வரும்?"

கதவருகில் கணக்கு சார் இருமினார். அவர் பேசியது அவ்வளவுதான்.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடல்காரர் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் துணி மடித்து ஓய்வு பெற்றவள். கிடைத்த பணம் மொத்தமும் வடக்கு மூலையில் இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். புது வீட்டு ஜன்னலின் அளவு பக்கத்தில் இருந்தது. மாடலிலிருந்து தம்பிதான் அச்செடுத்துக் கொடுத்திருந்தார்.

பூட்டை எடுத்ததிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் ஊசியை நிறுத்தவில்லை.

"நிக்குமா, நிக்காதா? ஒரே வார்த்தையில சொல்லு."

"நிக்கலாம்."

அக்கா மேலே காட்டினாள். கூரையில் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி நான்கு வரிசை தெரிந்தது. "இதுக்கு எத்தனை மடங்கு, உன் கணக்குல?"

மாடல்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"சொல்ல மாட்டே. இதுக்குக் கீழ ஆறு வருஷமா தூங்குறேன், நீயும் வந்து சாப்பிட்டுட்டுப் போறே. நிறுத்தினா பணம் திரும்புமா?"

"திரும்பும்னு சொல்றாரு."

"யாரு?"

"முதலாளி."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒன்பது வீடு மாறியாச்சுடா. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரன் கதவைத் தட்டுவான். பத்தாவதா எனக்குன்னு ஒண்ணு வருது, இப்ப நீ வந்து தட்டுறே. எனக்காகச் சொல்றியா, உன் மனசுக்காகச் சொல்றியா?"

"ரெண்டும்தான் அக்கா."

"எனக்காகன்னா சும்மா இரு. உன் மனசுக்காகன்னா, அதை நீயே வெச்சுக்க. இந்தா, இந்த முனையைப் பிடி."

திரைச்சீலையின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அளவு மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தது.

இருந்தாலும் மனது கேட்கவில்லை. நகர அலுவலகத்தில் போய்ச் சொல்லலாம் என்றால் கையில் ஆதாரம் வேண்டும். அங்கே கொடுத்த வரைபடம், கணக்கு, அளவுத் தாள் எல்லாமே அவருடைய மாடலில் பிறந்தவை. எல்லாம் முப்பத்தொன்று என்று ஒரே குரலில் சொல்லும். இருபத்தாறு என்று சொல்ல உலகத்தில் இரண்டே சாட்சி. ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது. இன்னொன்று அந்த நோட்டு.

மேஸ்திரி வேறொரு வேலையிடத்தில் சேறு படிந்த பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தார்.

"நோட்டா? அது மழையில நனைஞ்சு போச்சு தம்பி."

"எந்த மழையில? நாலு மாசமா தூறல்கூட இல்லையே."

"வரப்போற மழையில." மேஸ்திரி சிரிக்கவில்லை. "என்கிட்ட பதினாலு பேரு கூலிக்கு நிக்கிறாங்க. நான் சரியாத்தான் பில்லு போட்டேன், உங்களுக்கே தெரியும். ஏத்திக் குடுத்தது உங்க ஆபீஸு. வாங்கிக்கிட்டேன். வாங்கினவன் எப்படிச் சாட்சி சொல்லுவான்?"

மாடல்காரர் திரும்பி வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். எட்டு மாதத்துக்கு முன் போட்டிருக்க வேண்டிய பூட்டை இருபத்தாறில் போட்டார். அறுபத்துநான்கும் சிவந்தன. அதை அச்செடுத்துக் கணக்கு சாருக்கு அனுப்பினார். மறுநாள் காலை அது பென்சில் குறிப்போடு திரும்பி வந்தது: "கலரில் வேண்டாம். கருப்பு வெள்ளையில் எடுக்கவும்."

கருப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான்.

பதிமூன்றாவது மாடிக்குக் கான்கிரீட் போட்ட வாரத்தில், கட்டி முடித்த அளவு இதுதான் என்று உறுதி சொல்கிற தாள் மேசைக்கு வந்தது. முதலாளி கையெழுத்துப் போட்டிருந்தார். கணக்கு சார் போட்டிருந்தார். மூன்றாவது இடம் காலியாக இருந்தது. போடாமல் எழுந்து போனால் அந்த இடத்தில் போட வேறு மாடல்காரர் கிடைப்பார். அக்காவின் வீட்டுக்கு மறுபடியும் பதினான்காயிரம் விலை வரும். கட்டடம் ஒரு அங்குலம்கூட ஆழமாகாது. அவர் பேனாவை எடுத்தார்.

வடக்கு மூலையில் தொட்டிக்கு முதல்முறையாகத் தண்ணீர் ஏற்றுகிற சத்தம் கேட்டபோது, அக்காவின் புது வீட்டில் கிடந்த, ஜன்னல் அளவு அச்சிட்ட சீட்டைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் எழுதினார்:

மாடலில்: 1984 மீட்டர்.
பணம் கொடுத்தது: 1984 மீட்டருக்கு.
கையெழுத்து: மூன்று.
மண்ணில் இருப்பது: 1664 மீட்டர்.
குடியேறுகிற வீடுகள்: நூற்றுநான்கு.
பாக்கி: 320 மீட்டர்.